பூட்டிய கட்டடமும் திறக்க வேண்டிய கதவும்

வாசகர் கேள்வி: மட்டக்களப்பு நகரில், திருமலை வீதியை அண்டிய நான்கு தளக் கட்டடமொன்றின் முகாமையாளராகப் பணியாற்றுகிறேன். கீழ்த்தளத்தில் புடவைக் கடையும் அதன் பின்னால் ஒரு தையல் பகுதியும், முதலாம் மாடியில் இரண்டு அலுவலகங்களும், இரண்டாம் மாடியில் கணினி வகுப்பும், மேல்மாடியில் சமையலறையுடன் கூடிய சிறிய விழா மண்டபமும் உள்ளன. சித்திரை வருடப்பிறப்பை முன்னிட்டு ஏப்ரல் 12ஆம் திகதி மாலை மூடி, 20ஆம் திகதி காலை திறக்கவிருக்கிறோம். உரிமையாளர் கொழும்பில் வசிப்பவர். "ஆள் இல்லாத கட்டடத்தில் யாரைப் பாதுகாக்கப் போகிறீர்கள்? பிரதான சுவிட்சை அணைத்துவிட்டு, பின்பக்க அவசரப் படிக்கட்டுக் கதவுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டுங்கள், காவலாளி உள்ளே படுத்துக்கொள்ளட்டும்" என்று தொலைபேசியில் சொல்கிறார். முன்பு இரண்டு தடவை களவு முயற்சி நடந்திருப்பதால் அவருடைய பயத்தையும் தவறென்று சொல்ல முடியவில்லை. இது சட்டப்படி சரியா? விடுமுறை நாட்களில் நாம் செய்யவேண்டியவை எவை?

பொறியியலாளரின் பதில்:

மதிப்பிற்குரிய முகாமையாளர் அவர்களுக்கு, உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை நிறுத்திவிட்டது. ஆள் இல்லாத கட்டடம் என்று உரிமையாளர் சொல்கிறார். அதே மூச்சில் காவலாளி உள்ளே படுக்கட்டும் என்றும் சொல்கிறார். ஆகவே அந்த எட்டு இரவுகளிலும் அந்தக் கட்டடத்தில் ஓர் ஆள் இருக்கிறார். முன்பக்க ரோலர் கதவு வெளியிலிருந்து பூட்டப்பட்டு, பின்பக்கக் கதவுக்குச் சங்கிலியும் போட்டால், துணிகள் நிறைந்த கடைக்குள் வெளியே வர வழியில்லாமல் அடைபட்டிருப்பவர் அவர்தான். எனவே உங்கள் முதற் கேள்விக்கான என் பதில், இல்லை என்பதே. ஒருவர் உள்ளே இருக்கும் எந்த நேரத்திலும் அவசர வெளியேறும் கதவை உள்ளிருந்து திறப்பில்லாமல் திறக்க முடியாதபடி பூட்டக்கூடாது.

சட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நம் நாட்டில் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், வேலைக்காக ஒருவர் உள்ளே இருக்கும்போது கதவுகள் உள்ளிருந்து இலகுவாகவும் உடனடியாகவும் திறக்கக்கூடியவையாக இருக்கவேண்டும் என்ற கொள்கையின் மேல் எழுந்தது. அச்சட்டத்தின் கண்ணில் தொழிற்சாலை என்பது புகைபோக்கி உயர்ந்த பெரிய ஆலை மட்டுமாக இருக்கவேண்டியதில்லை. கூலிக்கு ஆட்களை வைத்துப் பொருள் செய்யும் சிறிய இடங்களையும் அது தொடும் என்பதால், உங்கள் தையல் பகுதியின் நிலை என்னவென்று மட்டக்களப்பிலுள்ள தொழில் திணைக்கள அலுவலகத்தில் ஒருமுறை கேட்டு எழுத்தில் பெற்றுவைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அப்பால், 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழ் ஒரு கட்டடத்துக்கு வழங்கப்படும் இணக்கச் சான்றிதழ், அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் காட்டியபடியே அது கட்டப்பட்டிருக்கிறது என்பதற்கான உறுதி. அந்த வரைபடத்தில் இரண்டாவது வெளியேறும் வழியென்று காட்டிய கதவைச் சங்கிலியால் பூட்டுகிற நாளில், அந்தச் சான்றிதழ் சொல்வதும் கட்டடத்தில் இருப்பதும் வேறுவேறாகிவிடுகின்றன. இந்தக் கடமைகளில் விடுமுறை நாளுக்கென்று தளர்வு எதுவும் கிடையாது.

சங்கிலியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல அனுமதியுங்கள், ஏனென்றால் என் அனுபவத்தில் அதன் ஆபத்து விடுமுறை முடிந்த பிறகுதான் உச்சத்துக்குப் போகிறது. எட்டு நாட்களுக்கென்று போட்ட சங்கிலி ஒன்பதாம் நாள் தானாகக் கழன்று விழுவதில்லை. 20ஆம் திகதி காலையில் ஊழியர்கள் முன்வாசலால் வருவார்கள், வாடிக்கையாளர்கள் வருவார்கள், மேல்மாடியில் ஒரு வரவேற்பு நடக்கும், பின்படிக்கட்டின் பக்கம் எவரும் போகமாட்டார்கள். சங்கிலியின் திறப்பு காவலாளியின் சட்டைப் பையிலோ மேசை இழுப்பறையிலோ கிடக்கும். நான் பரிசோதிக்கச் சென்ற ஒரு கட்டடத்தில், தீபாவளிக்குப் போட்ட சங்கிலி மாசி மாதத்திலும் அப்படியே இருந்தது. அதை எவரும் மறைக்கவில்லை, எவரும் பார்க்கவில்லை என்பதுதான் உண்மை. 1911ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் திகதி நியூயோர்க் நகரின் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் தீப்பற்றியபோது 146 பேர் இறந்தார்கள். ஒன்பதாம் மாடியில் ஒரு படிக்கட்டுக் கதவு பூட்டப்பட்டிருந்தது. தையல்காரப் பெண்கள் துணியைத் திருடிச் சென்றுவிடக்கூடாது என்பதே அப்படிப் பூட்டுவதற்குச் சொல்லப்பட்ட காரணம். உங்கள் உரிமையாளரின் பயமும் களவைப் பற்றியதுதான். நூறாண்டு கடந்தும் அதே காரணத்துக்காக அதே கதவுகள் பூட்டப்படுவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே மனம் கனக்கிறது.

களவுக்குப் பரிகாரம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. வெளியிலிருந்து பிடியே இல்லாமல், உள்ளிருந்து இடுப்பளவில் உள்ள கிடைச்சட்டத்தை உடம்பால் தள்ளினாலே திறக்கும் பூட்டு வகை விற்பனைக்கு உண்டு. அதோடு கதவு திறந்தால் கத்தும் ஒரு சிறிய மணியையும் பொருத்தினால், கள்வனுக்கு அது சங்கிலியைவிடப் பெரிய தடை. ஏப்ரல் 12க்குள் அதைப் பொருத்த முடியாது, சங்கிலி போட்டே ஆகவேண்டும் என்று உரிமையாளர் பிடிவாதமாக நின்றால், ஒரேயொரு நிபந்தனையின்மேல்தான் நான் இணங்குவேன். காவலாளியின் இடம் கட்டடத்துக்கு வெளியே, அல்லது தனக்கென நேரடியாக வெளியே திறக்கும் கதவுள்ள ஓர் அறையில் இருக்கவேண்டும், மற்றைய தளங்கள் எல்லாவற்றிலும் ஆளில்லை என்று நேரில் பார்த்து உறுதிசெய்திருக்கவேண்டும். பொதுமண்டபங்களில் பின்பற்றப்படும் ஒரு பழைய முறையும் உங்களுக்கு உதவும். நிர்வாக மேசைக்குப் பின்னால் ஒரு பலகையை மாட்டி, எத்தனை சங்கிலியோ அத்தனை கொளுக்கிகளை இலக்கமிட்டு வைப்பார்கள். சங்கிலிகள் எல்லாம் கழற்றப்பட்டு அந்தக் கொளுக்கிகளில் தொங்குவதைக் கண்ணால் கண்ட பிறகே முன்கதவைப் பொதுமக்களுக்குத் திறப்பார்கள். வெறுமையான கொளுக்கி ஒன்று தெரிந்தால், எங்கோ ஒரு கதவு இன்னும் பூட்டியிருக்கிறது என்று பொருள்.

அடுத்தது பிரதான சுவிட்ச். பலரும் இதுதான் மிகப் பாதுகாப்பான செயல் என்று நம்பி, கட்டடத்தின் கண்ணையும் காதையும் சேர்த்தே அடைத்துவிடுகிறார்கள். தீ அறிவிப்புப் பெட்டி மின்சாரம் நின்றதும் தன்னுள்ளிருக்கும் மின்கலத்தில் இயங்கத் தொடங்கும். அந்த மின்கலம் பெரும்பாலும் 24 மணித்தியாலக் காத்திருப்புக்கும் அதன்பின் அரை மணித்தியாலம் மணி ஒலிப்பதற்கும் கணக்கிட்டு வைக்கப்படுவது. 12ஆம் திகதி மாலை முதல் 20ஆம் திகதி காலை வரை ஏறத்தாழ 180 மணித்தியாலங்கள். முதல் நாளுக்குப் பிறகு புகை உணரிகள் கூரையில் ஒட்டிய வெறும் பிளாஸ்ரிக் மூடிகள்தான். அதைவிட மோசமான விளைவு ஒன்றும் உண்டு. ஈய அமில மின்கலம் முற்றாக வடிந்து நாட்கணக்கில் கிடந்தால் உள்ளுக்குள் கெட்டுப்போகும். 20ஆம் திகதி மின்சாரத்தைக் கொடுத்ததும் பெட்டியில் பச்சை விளக்கு எரியும், எல்லாம் சரியென்று நீங்கள் நினைப்பீர்கள், ஆனால் அடுத்த மின்வெட்டில் அது ஐந்து நிமிடம்கூடத் தாங்காது.

அவசர வெளிச்ச விளக்குகளின் கதையும் இதுவே. மின்சாரம் நின்றதும் அவை எரியத் தொடங்கி, வகையைப் பொறுத்து ஒரு மணித்தியாலமோ மூன்று மணித்தியாலமோ ஆளில்லாத படிக்கட்டுக்கு ஒளி தந்துவிட்டு அணைந்துபோகும். அவை மீண்டும் முழுமையாக மின்னேற 24 மணித்தியாலம் வேண்டும். திறக்கும் காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு ஒரு மணித்தியாலத்தில் மக்களை உள்ளே விட்டால், அன்று முழுவதும் உங்கள் படிக்கட்டுகளுக்கு அவசர வெளிச்சம் இல்லை என்றே எடுத்துக்கொள்ளவேண்டும்.

ஆகவே எல்லாவற்றையும் அணைக்காமல், தேவையற்றதை மட்டும் அணைத்துக் காவல் செய்வதை விட்டுவைக்கவேண்டும். மின் பகிர்வுப் பெட்டியை ஒரு தகுதிவாய்ந்த மின்னியலாளரைக் கொண்டு இப்போதே பார்வையிடச் செய்து, தீ அறிவிப்புப் பெட்டி, தீயணைப்பு நீர்ப்பம்பி, கண்காணிப்புக் கமரா, அவசர விளக்குகள், காவலாளியின் அறை ஆகியவற்றுக்குச் செல்லும் சுற்றுகள் எவையென்று அடையாளங்கண்டு, அந்த ஆளிகளின் மேல் சிவப்பு நிறத்தில் "அணைக்கக்கூடாது" என்று எழுதி ஒட்டுங்கள். குளிரூட்டிகள், கடைக் காட்சி விளக்குகள், தையல் இயந்திரங்கள், இஸ்திரிப் பெட்டிகள், கணினிகள், வெந்நீர்க் கருவிகள் ஆகியவற்றின் சுற்றுகள் அனைத்தையும் அணைத்துவிடலாம். அறிவிப்புப் பெட்டி குடிக்கும் மின்சாரம் ஒரு சிறிய மின்குமிழின் அளவுதான் என்பதால், மின்பட்டியலைக் காட்டி இதை மறுக்க உரிமையாளருக்கு இடமிருக்காது. தீயணைப்பு நீர்ப்பம்பியின் தெரிவுச் சுவிட்ச் தானியங்கி நிலையில் இருக்கிறதா என்று மட்டும் கண்ணால் பாருங்கள். பராமரிப்புக்கென்று கையால் இயக்கும் நிலைக்குத் திருப்பியவர் அதைத் திரும்ப மாற்றாமல் போவது நான் அடிக்கடி காணும் குறை. விடுமுறையில் தண்ணீர்த் தாங்கி கழுவ ஆட்களை விடுவதாக இருந்தால், தீயணைப்புக்கென ஒதுக்கிய நீரைத் திறந்துவிடாமலும், மூடிய வால்வை மூடியபடியே விட்டுப் போகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

புடவைக் கடைக்குச் சித்திரை மாதம் எவ்வளவு முக்கியமானது என்பதை நான் அறிவேன். மூடுவதற்கு முந்திய இரண்டு வாரங்களும் ஆண்டின் உச்ச வியாபாரம் என்பதால், வழமையைவிடப் பல மடங்கு சரக்கு வந்திறங்கி, களஞ்சியம் நிறைந்து, பின்படிக்கட்டின் அடியிலும் இடைத்தட்டுகளிலும் காட்போட் பெட்டிகளும் பொலித்தீன் உறைகளும் அடுக்கப்பட்டிருக்கும். 12ஆம் திகதி இரவு எல்லோரும் களைத்துப்போய், வீட்டுக்குப் போகும் அவசரத்தில் இருப்பார்கள். கட்டடம் ஆண்டிலேயே மிகக் கூடுதலான எரிபொருளைச் சுமந்துகொண்டு, மிகக் குறைவான கவனத்துடன் மூடப்படுவது அந்த இரவில்தான். ஆகவே படிக்கட்டை வெறுமையாக்கும் வேலையைக் கடைசி இரவுக்கு விடாமல் 11ஆம் திகதி காலையிலேயே செய்து முடியுங்கள். வெற்றுப் பெட்டிகளைக் கட்டடத்துக்கு வெளியே சுவரோடு சாய்த்து வைப்பதும் உதவாது. வருடப்பிறப்பன்று கொளுத்தும் வெடிகளில் ஒன்று அதில் விழுந்தால் போதும். அவற்றை மாநகர சபையின் கழிவு வண்டியிலோ மீள்சுழற்சிக்கு எடுப்பவரிடமோ கொடுத்துவிடுங்கள். கூரையிலும் பல்கனியிலும் கிடக்கும் காய்ந்த இலை, பழைய பதாகை, பாய் ஆகியவற்றையும் அதே காரணத்துக்காக அகற்றவேண்டும்.

இனி நான் சொல்லப்போவதைத் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நானும் சுவாமிப் படத்துக்கு விளக்கேற்றி வேலையைத் தொடங்குகிறவன்தான். பூட்டும் நாளில் கடைகளில் கடைசியாகச் செய்யும் பூசையின்போது ஏற்றும் எண்ணெய் விளக்கும், காட்டும் சாம்பிராணியும், கற்பூரமும் பல இடங்களில் எரிந்துகொண்டிருக்கும்போதே ரோலர் கதவு இறங்கிவிடுகிறது. விளக்கை வாயால் ஊதக்கூடாது, தானாக மலையேற வேண்டும் என்பது நம் வழக்கம். அந்த வழக்கத்தைக் காத்துக்கொள்ள வேண்டுமானால், பூசையைப் பூட்டுவதற்கு இரண்டு மணித்தியாலம் முன்னதாகச் செய்து, திரி தானாகக் குளிர்ந்ததைக் கண்டபின் வெளியேறுங்கள், அல்லது பூவால் திரியை அமர்த்துங்கள். சுவாமித் தட்டுக்கு மேலும் அருகிலும் துணி, கடதாசி மாலை, பிளாஸ்ரிக் பூ எதுவும் தொங்கக்கூடாது. சாம்பிராணித் தட்டின் தணலைத் தண்ணீரில் கொட்டிவிட்டுப் போங்கள்.

மேல்மாடிச் சமையலறையில் வர்த்தகப் பாவனைக்கான 37.5 கிலோ எரிவாயுக் கொள்கலன்கள் இருக்கும் என்று ஊகிக்கிறேன். அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போதே முதலில் கொள்கலனின் வால்வை மூடி, குழாயிலுள்ள வாயு எரிந்து தீர்ந்து சுடர் தானாக அணைந்த பிறகு அடுப்பின் திருகியை மூடுவதே சரியான வரிசை. மாறிச் செய்தால் எட்டு நாட்களும் குழாய் வாயு அழுத்தத்துடன் நிற்கும், ஆளில்லாத சமையலறையில் எலி கடிப்பதற்கு இறப்பர்க் குழாயைவிட விருப்பமான பொருள் குறைவு. அந்த வாயு காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் தரையோடு படிந்து படிக்கட்டு வழியாகக் கீழ் மாடிகளுக்கும் இறங்கும்.

சில உரிமையாளர்கள் விடுமுறையைத் திருத்த வேலைக்கான வாய்ப்பாகப் பார்க்கிறார்கள். உங்கள் கட்டடத்தில் வெல்டிங், கிரைண்டர் வேலை எதுவும் அந்நாட்களில் நடக்கக்கூடாது என்று முன்கூட்டியே எழுத்தில் அறிவித்துவிடுங்கள். நடந்தே ஆகவேண்டுமானால், வேலை செய்யும் இடத்திலிருந்து 35 அடிக்குள் எரியக்கூடிய பொருள் எதுவும் இல்லாமல் அகற்றி, ஒருவர் தீயணைப்புக் கருவியுடன் அருகில் நின்று, வேலை முடிந்த பின்னும் குறைந்தது ஒரு மணித்தியாலம் அவ்விடத்தைவிட்டு அகலாமல் இருக்கவேண்டும். துணிப் பொதிக்குள் விழுந்த பொறி உடனே சுடராவதில்லை. அது உள்ளுக்குள் கனிந்து, எல்லோரும் வீட்டுக்குப் போனபின்பே தன்னைக் காட்டும்.

காவலாளிக்கு வருகிறேன். அவரைப் பெரும்பாலான கட்டடங்களில் ஒரு பூட்டைப் போலவே கணக்கிடுகிறார்கள், அது அநீதி. எட்டு இரவுகளுக்கு ஒருவரே என்பது ஒரு மனிதனால் விழித்திருக்க முடியாத ஏற்பாடு. குறைந்தது இருவர் முறை மாற்றிக்கொள்ளவேண்டும். அவர் தூங்கும் இடம் துணிக் களஞ்சியமாக இருக்கக்கூடாது. நம் ஊரில் நுளம்புத்திரி கொளுத்தாமல் இரவைக் கழிக்க முடியாது என்பதால், அது புகைந்து புகைந்து ஒரு துணி மூட்டையைத் தொடுவதற்கு எத்தனை வழிகள் உண்டென்று நினைத்துப் பாருங்கள். ஒரு நுளம்பு வலை வாங்கிக் கொடுங்கள், செலவு மிகச் சிறியது. தேநீருக்கு மண்ணெண்ணெய் அடுப்பு மூட்டாதபடி ஒரு வெந்நீர்ப் போத்தலையும் ஒழுங்கான சாப்பாட்டையும் ஏற்பாடு செய்யுங்கள். மின்சூள், மின்னேறிய கைத்தொலைபேசி, அதில் போதிய மீதி, தீயணைப்புக்கு 110, பொலிஸுக்கு 119, நோயாளர் காவு வண்டிக்கு 1990, மின்சார சபைக்கு 1987 என்று பெரிய எழுத்தில் எழுதிய ஓர் அட்டை ஆகியவை அவரிடம் இருக்கவேண்டும். தீயைக் கண்டால் முதலில் வெளியேறி அழைக்கவேண்டும், பொருளைக் காப்பாற்ற உள்ளே திரும்பக்கூடாது என்று உரிமையாளரின் வாயாலேயே அவருக்குச் சொல்ல வையுங்கள். முதலாளி கோபிப்பார் என்ற பயத்தில் உள்ளே ஓடுகிறவர்கள் உண்டு.

மாநகர சபையின் தீயணைப்புப் பிரிவுக்கு இந்த வாரமே நேரில் சென்று, கட்டடம் மூடியிருக்கும் நாட்களையும், எந்த வாசலால் வண்டி நெருங்கலாம், தண்ணீர்த் தாங்கி எங்கே, பிரதான மின் ஆளி எங்கே என்பதையும் சொல்லி வாருங்கள். இரவில் அழைத்தால் 20 நிமிடத்துக்குள் வரக்கூடிய இருவரிடம் எல்லாத் திறப்புகளும் இருக்கவேண்டும். நம் மாவட்டத்துக்கு இதில் ஒரு வசதி உண்டு. சித்திரைக்கும் பொங்கலுக்கும் காத்தான்குடியிலோ ஏறாவூரிலோ இருந்து வரும் முஸ்லிம் ஊழியர் ஒருவரும், நோன்புப் பெருநாளுக்கு ஒரு தமிழ் ஊழியரும் திறப்பைப் பொறுப்பேற்பது பல அலுவலகங்களில் வழக்கமாக இருந்துவருகிறது. பண்டிகை வீட்டைவிட்டு எவரும் ஓடிவர வேண்டியிருக்காது. அவருக்கு அந்நாட்களுக்கான மேலதிகக் கொடுப்பனவைத் தவறாமல் கொடுங்கள்.

சித்திரைக்கென்றே உரிய இன்னொரு ஆபத்து இடி மின்னல். இரு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட இந்த மாதங்களில் பின்னேரங்களில் எழும் இடியை நீங்களே அறிவீர்கள். மின்கம்பி, தொலைபேசிக் கம்பி, அன்ரெனாக் கம்பி ஆகிய மூன்றின் வழியாகவும் மின்னலின் வேகம் உள்ளே வரும் என்பதால், சுவிட்சை அணைத்தது போதும் என்று நினையாமல், கணினி வகுப்பிலும் அலுவலகங்களிலும் செருகிகளைச் சுவரிலிருந்து கழற்றிவைக்கச் சொல்லுங்கள். மின்னல் கடத்தியின் எர்த் கம்பி மண்ணோடு சேருமிடத்தில் உள்ள இறுக்கியை ஒருமுறை பாருங்கள். வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நம் நகரின் உப்புக்காற்று அதைச் சில ஆண்டுகளிலேயே அரித்துவிடுகிறது, காய்ந்த மணல் நிலமோ மின்னை இலகுவாக ஏற்காது. அதே உப்பு தீயணைப்புக் கருவிகளின் அடிப்பாகத்தையும் தின்னும். அழுத்தமானியின் முள் பச்சையில் நிற்பதோடு திருப்தியடையாமல், கருவியைத் தூக்கி அடியில் துருப் பிடித்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ஆண்டுப் பராமரிப்புக்கென்று ஒரே தடவையில் எல்லாக் கருவிகளையும் கொண்டுபோக நிறுவனத்தை அனுமதிக்காதீர்கள், மாற்றுக் கருவிகளை வைத்துவிட்டே எடுத்துச் செல்லவேண்டும்.

வாடகைக்காரர்களைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் நீங்கள் தடுமாறப்போவது அங்கேதான். ஓர் அலுவலகத்தின் கணக்காளர் 17ஆம் திகதி அரை நாள் வேலை இருக்கிறதென்று சொந்தத் திறப்பால் உள்ளே வருவார், எவருக்கும் தெரியாது. ஆகவே ஒவ்வொரு வாடகைக்காரரிடமும் மூடும் நேரம், அணைக்கவேண்டியவை, இடையில் வருவதானால் காவலாளியிடம் பெயர் எழுதிவிட்டே மேலே செல்லவேண்டும் என்ற நிபந்தனை ஆகியவற்றைக் கடிதமாகக் கொடுத்துக் கையொப்பம் பெறுங்கள். மூடும் மாலையில் ஒவ்வொரு தளத்தையும் நடந்து பார்த்து, நேரத்துடன் பதிவேட்டில் எழுதுங்கள். மாதாந்தப் பரிசோதனை விடுமுறைக்குள் விழுந்தால் பின்போடாமல் முன்கூட்டியே செய்யவேண்டும். காப்புறுதிப் பத்திரத்தையும் எடுத்துப் படியுங்கள். பல தீக் காப்புறுதிகளில் கட்டடம் தொடர்ந்து 30 நாட்களுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தால் பாதுகாப்பு நின்றுவிடும் என்ற விதி உண்டு. உங்கள் எட்டு நாட்களை அது தொடாது. எனினும் தீ அறிவிப்புக் கருவி எப்போதும் இயங்கவேண்டும், இரவுக்காவல் இருக்கவேண்டும் என்று தனி நிபந்தனை எழுதப்பட்டிருந்தால், பிரதான சுவிட்சை அணைக்கும் அந்த ஒரு செயலே நட்ட ஈட்டை மறுப்பதற்குப் போதிய காரணமாகலாம். உரிமையாளரை மனம் மாற்றக்கூடிய பக்கம் அநேகமாக இதுவாகத்தான் இருக்கும்.

திறக்கும் நாளில் எழும் ஒரு சிக்கலைப் பல வியாபாரிகள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். கைவிசேடத்துக்குரிய சுபநேரத்தில்தான் கடைக் கதவு முதன்முதலாகத் திறக்கப்படவேண்டும், அதற்கு முன்னர் பரிசோதனைக்கென்று உள்ளே போனால் சகுனம் கெட்டுவிடும் என்பார்கள். அந்த நம்பிக்கையோடு மோதவேண்டிய தேவை இல்லை. 19ஆம் திகதி காலையில் முன்பக்க ரோலர் கதவைத் தொடாமல், பின்வாசலால் இருவர் சேர்ந்து உள்ளே செல்லுங்கள். முதலில் மூக்கால் மணந்து பார்த்து, சன்னல்களைத் திறந்து காற்று ஓட விட்டபின்னரே எந்தச் சுவிட்சையும் தொடவேண்டும். படிக்கட்டுகளை மேலிருந்து கீழாக நடந்து, ஒவ்வொரு வெளியேறும் கதவையும் தள்ளித் திறந்து மூடி, தீ அறிவிப்புப் பெட்டியில் குறைபாட்டு விளக்கு எரிகிறதா என்று பார்த்து, தேங்கிய நீர் வெளியேறும்படி குழாய்களைச் சில நிமிடங்கள் திறந்துவிடுங்கள். அணைத்து வைத்திருந்த சுற்றுகளை ஒவ்வொன்றாகக் கொடுங்கள். ட்ரிப் சுவிட்ச் ஒன்று விழுந்தால் அதை மீண்டும் மீண்டும் தூக்கிப் போடாமல் மின்னியலாளரை அழையுங்கள், எலி கடித்த கம்பியாக இருக்கக்கூடும். முதல் நாளே இதைச் செய்தால், அவசர விளக்குகள் ஏதும் வடிந்திருந்தாலும் மறுநாள் காலைக்குள் மின்னேறிவிடும், சுபநேரமும் தன் இடத்தில் இருக்கும்.

இதே கட்டடத்தை மார்கழியில் நத்தார் முதல் பொங்கல் வரை மூடுவதாயின் என் பதில் சற்று மாறும். அப்போது வடகீழ்ப் பருவமழை முன்னே வந்து நிற்கும். 2011ஆம் ஆண்டு ஜனவரியில் பொங்கலை அண்டிய நாட்களில் மட்டக்களப்பையும் அம்பாறையையும் மூழ்கடித்த வெள்ளத்தை நினைவில் வைத்து, கூரைப் பீலிகளையும் வடிகான்களையும் முன்கூட்டியே சுத்தம் செய்து, மின்தூக்கியை மேல்தளத்தில் நிறுத்தி அணைத்து, தரையோடு வைத்த மின்சாதனங்களை உயர்த்தவேண்டும். ஒரு வாரத்துக்கு மேல் தேங்கும் நீரில் நுளம்புக் குடம்பிகள் முழு வளர்ச்சியடைந்துவிடும் என்பதால், 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத்தைத் தடுக்கும் சட்டத்தின் கீழ் பூட்டிய கட்டடத்தின் உரிமையாளரும் பொறுப்பாளியே. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் கூரைக்கு ஏற வழிகாட்டும்படி காவலாளியிடம் சொல்லிவைக்கவேண்டும். வியாபார உரிமமும் டிசம்பர் 31ஆம் திகதியோடு காலாவதியாகும்.

உரிமையாளருக்கு நீங்கள் தொலைபேசியில் விளக்க முயல வேண்டாம். சங்கிலிக்குப் பதிலாகத் தள்ளு சட்டப் பூட்டு, ஒரு மேலதிகக் காவலாளி, ஒரு நாள் மின்னியலாளர் கூலி என்று மூன்று செலவுகளை மட்டும் எழுதி, இவற்றுக்கு அனுமதியைக் கேட்டுக் கடிதமாக அனுப்புங்கள். அவர் மறுத்தால் அந்த மறுப்பையும் எழுத்திலேயே கேளுங்கள். எழுத்தில் மறுப்பதற்கு முன் எவரும் இரண்டாம் முறை யோசிப்பார்கள். பிறகு 12ஆம் திகதி மாலை, கடைசி ஊழியர் வெளியேறியதும், காவலாளியை இரண்டாம் மாடியில் நிறுத்தி, விளக்குகளை அணைத்துவிட்டு, கையில் திறப்பு எதுவும் இல்லாமல் பின்படிக்கட்டு வழியாக அவரை வெளியே வரச் சொல்லுங்கள். அவர் தடையின்றி வந்து உங்கள் முன்னால் நின்ற பிறகு ரோலர் கதவை இறக்குங்கள்.